ப-ப-ப-ப ஏன் இல்லை?

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, “சித்தப்பா, முக்கோணத்துக்கு ப-ப-ப இருக்குல்ல, நாற்கரத்துக்கு ஏன் ப-ப-ப-ப இல்ல?” என்று கேட்டாள். ப-ப-ப என்பது பக்கங்களை மட்டும் வைத்தே இரண்டு முக்கோணங்கள் ஒன்றேயா என்று சொல்லும் பள்ளிக்கூட விதி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்குக் கடைக்கால் போடுவதிலிருந்து செல்போன் டவர் நிற்பது வரை எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

அடிப்படைகளை வேகமாகத் தாண்டிவிடலாம். 90 பாகைக்குக் குறைந்தால் குறுங்கோணம், கூடினால் விரிகோணம், சரியாக 90 என்றால் செங்கோணம். இந்த ‘செம்’ சிவப்பு அல்ல. செங்குத்து, செங்கோல் என்கிறோமே, அந்தச் செம்மை. கோணாமல் நேராக இருப்பது என்று பொருள். ஓர் உருவத்தை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறதா, அப்போது இரண்டும் சர்வசமம். ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் இன்னொன்றின் மூன்று பக்கங்களுக்குச் சமமாக இருந்தால் போதும், கோணங்களை அளந்தே பார்க்க வேண்டாம், இரண்டும் சர்வசமம்தான் என்பதே ப-ப-ப, அதாவது பக்கம்-பக்கம்-பக்கம்.

ஏன் போதும்? 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். அதன் ஒரு முனையில் காம்பஸை ஊன்றி 3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், மறு முனையில் 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். மூன்றாவது உச்சி இரண்டு வட்டத்திலும் இருந்தாக வேண்டும். இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்வது இரண்டே இடத்தில்: கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பது மேலே இருப்பதன் கண்ணாடி பிம்பம், தாளை மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். ஆக, உச்சி போவதற்கு வேறு இடமே கிடையாது.

நாற்கரத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதை அவளுக்குச் சொல்லவில்லை, இளநீர்க் கடையில் நாலைந்து காகித ஸ்ட்ரா வாங்கி வந்து கையில் கொடுத்தேன். மூன்று துண்டுக்குள் நூலைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டால் முக்கோணம். எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு துண்டைக் கோத்தால் சதுரம் மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, விரலால் தொட்டதுமே சாய்சதுரமாகச் சரிந்துவிடும். பக்கங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை, கோணங்கள் மட்டும் மாறிவிட்டன. அதே நான்கு பக்கத்தில் எண்ணற்ற நாற்கரங்கள் இருக்கின்றன, அதனால்தான் ப-ப-ப-ப இல்லை. ஆனால் எதிர் மூலைகளை இணைத்து ஐந்தாவதாக ஒரு துண்டைக் கட்டுங்கள், ஆட்டம் நின்றுவிடும், ஏனென்றால் இப்போது அது நாற்கரமே இல்லை, ஒட்டிக்கொண்ட இரண்டு முக்கோணங்கள். சாரம் கட்டுகிறவர்கள் குறுக்காக ஒரு கம்பைச் சேர்த்துக் கட்டுவதும், இரும்பு கேட்டில் சாய்வாக ஒரு பட்டை ஓடுவதும் இதற்காகத்தான்.

எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்தபோது மேஸ்திரி மூலைமட்டம் பார்த்ததை நான் காலையிலிருந்து நின்று பார்த்தேன். நான்கு முளைக்குச்சி, நைலான் நூல், ஒரு டேப். தெற்கும் வடக்கும் 30 அடி, கிழக்கும் மேற்கும் 20 அடி. நான்கு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்தார். ஒரு பக்கம் 36 அடி 2 அங்குலம், இன்னொரு பக்கம் 35 அடி 11 அங்குலம் சொச்சம். “ரெண்டு குறுக்கும் ஒண்ணா வரணும் சார், வந்துட்டா மூலை தானா மட்டமாயிரும்” என்றார். வடக்குப் பக்கத்து முளை இரண்டையும் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி அடித்து, மறுபடி அளந்து, மறுபடி தள்ளி, மூன்றாவது தடவை இரண்டும் 36 அடி அரை அங்குலத்துக்குச் சற்று மேலே வந்து நின்றன. கோணமானியும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் நான்கு மூலையும் செங்கோணம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள், எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. தென்மேற்கு மூலை, தென்கிழக்கு மூலை இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெற்குச் சுவர், மேற்குச் சுவர், அவற்றை இணைக்கும் மூலைவிட்டம் – இது ஒரு முக்கோணம். அதே தெற்குச் சுவர், கிழக்குச் சுவர், மற்ற மூலைவிட்டம் – இது இன்னொன்று. தெற்குச் சுவர் இரண்டுக்கும் பொது. மேற்கும் கிழக்கும் 20 அடி. மூலைவிட்டங்களையும் மேஸ்திரி சமமாக்கிவிட்டார். ப-ப-ப! இரண்டு முக்கோணமும் சர்வசமம், ஆகவே தென்மேற்குக் கோணமும் தென்கிழக்குக் கோணமும் சமம். எதிர்ச் சுவர்கள் சமமாக இருப்பதால் அது இணைகரம். இணைகரத்தில் அடுத்தடுத்த கோணங்களின் கூடுதல் 180. சமமான இரண்டு கோணங்கள் சேர்ந்து 180 என்றால் ஒவ்வொன்றும் 90. பிதாகரஸ் தேற்றம் தேவையே படவில்லை.

ஒரே ஒரு சுவருக்கு மூலை எடுக்க வேண்டுமென்றால் 3-4-5. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். இதற்குப் பிதாகரஸ் தேற்றம் என்று காரணம் சொல்லிவிடுகிறோம், அது பாதிதான் சரி. செங்கோணம் இருந்தால் கர்ணம், அதாவது அதற்கு எதிரே இருக்கும் பக்கம், 5 வரும் என்பது தேற்றம். மேஸ்திரிக்கு வேண்டியது தலைகீழ்: 5 வந்தால் செங்கோணமா? அதாவது மறுதலை. கிரேக்கக் கணிதர் யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிய ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் முதல் பகுதியில் கடைசியாக நிறுவுவது இதைத்தான், அவர் செய்த வேலையும் அழகு. 3, 4 பக்கங்களுடன் சந்தேகமே இல்லாத செங்கோணத்தில் வேறொரு முக்கோணம் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் கர்ணம் 5. இப்போது 3-4-5 பக்கங்களுடன் இரண்டு முக்கோணங்கள், மறுபடியும் ப-ப-ப, இரண்டும் ஒன்றே. ஆகவே மேஸ்திரியின் மூலையும் செங்கோணம்.

வேலை செய்கிறவர்கள் முடிந்தால் 3-4-5ஐ விட்டு 9-12-15 பிடிப்பார்கள். காரணம் இருக்கிறது. 3-4-5இல் குறுக்களவு அரை அங்குலம் தவறினால், 30 அடி சுவர் முடியும்போது சுமார் 6 அங்குலம் விலகிப் போயிருக்கும். 9-12-15இல் அதே அரை அங்குலத் தவறு 2 அங்குல விலகலோடு நின்றுவிடும். அந்த 6 அங்குலம் எங்கேயும் போகாது, தரையில் டைல்ஸ் ஒட்டும் நாளில் சுவரோரம் ஆப்பு மாதிரி வெட்டின துண்டுகளாக வந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு சுற்றுகிறது, பிதாகரஸுக்கு முன்பே தமிழர் வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் கண்டார்கள் என்று. நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சின்னப் பக்கத்தின் பாதியைக் கூட்டு என்கிறது. 3, 4க்குப் போட்டால் 5. 5, 12க்குப் போட்டால் 13. அடேயப்பா என்று தோன்றும். பக்கங்கள் 10, 10 என்று போடுங்கள்: 13.75 வருகிறது, உண்மையில் 14.14. இருபடிச் சமன்பாடாக எழுதித் தீர்த்துப் பார்த்தேன், அந்த வழி மிகச்சரியாக இருப்பது 3:4, 5:12 என்ற இரண்டே விகிதங்களுக்கு. மற்ற இடங்களில் தோராயம்தான், அதுவும் பல இடங்களில் நல்ல தோராயம். அந்த இரண்டு விகிதமும் பொருந்துகிற மாதிரி இவ்வளவு எளிய வழியைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். அதைத் தேற்றத்துக்கு மாற்று என்று பிள்ளைகளுக்கு அனுப்புவதுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே மனைக்குக் கன்னி மூலை, அக்கினி மூலை என்று வாஸ்து சொல்ல வந்தவருக்குக் கொடுத்த பணம் மேஸ்திரியின் அன்றைய கூலியைவிட அதிகம். எனக்கு இதில் கோபம் உண்டு. மூலைகள் உண்மையிலேயே மூலையாக இருந்ததற்கு வெயிலில் மூன்று தடவை முளை அடித்தவர்தான் காரணம். பள்ளிகளில் இலவசமாக ஜாமெட்ரி பாக்ஸ் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம்; அதோடு நான்கு முளையும் 30 மீட்டர் டேப்பும் ஒரு பள்ளிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால், விளையாட்டு மைதானத்தில் ஒரே பீரியடில் ப-ப-ப புரிந்துவிடும்.

அண்ணன் மகள் நாற்கரத்தோடு நிற்கவில்லை. ஐங்கோணம் ஆடாமல் நிற்க 2 குறுக்குத் துண்டு, அறுகோணத்துக்கு 3 என்று கண்டுபிடித்துவிட்டு, பன்னிரண்டு ஸ்ட்ராவில் கனசதுரம் கட்ட ஆரம்பித்தாள். முகத்துக்கு ஒன்றாக 6 குறுக்குத் துண்டு சேர்த்தால் அது நிற்கும். எல்லா முகங்களும் முக்கோணமாகிவிட்ட குவிந்த திண்மம், அதாவது எங்கும் உள்வாங்காத திண்மம், அசையாது என்பது 1813இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி தந்த தேற்றத்திலிருந்து வருகிறது. உள்வாங்கிய திண்மமும் அப்படித்தான் இருக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள், 1977இல் அமெரிக்கக் கணிதர் ராபர்ட் கானெலி முக்கோண முகங்களோடேயே ஆடுகிற ஒன்றைக் காட்டினார். அவளுடைய கனசதுரத்தில் இப்போது 5 துண்டுதான் இருக்கிறது, ஒரு முகம் இன்னும் லேசாக ஆடுகிறது, ஸ்ட்ரா தீர்ந்துபோய்விட்டது.