மாதாவின் முகத்தில் பச்சை எப்படி வந்தது?

ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபீசி அருங்காட்சியகத்தில் பழைய மரப்பலகை ஓவியங்கள் உள்ள அறைகளில் மாதாவின் கண்ணோரத்திலும் தாடையடியிலும் பச்சை தட்டியிருக்கும். பாசியோ பூசணமோ இல்லை. ஓவியரே பூசிய அடிவண்ணம் அது.

வெள்ளைத் தளத்தின்மேல் நேராக ரோஸ் பூசினால் முகம் பொம்மை முகமாகிவிடும். அதனால் முதலில் பச்சை நிற மண். அதன்மேல் ஈய வெள்ளையும் சாதிலிங்கச் சிவப்பும் கலந்த ரோஸ். நிழல் விழும் இடத்தில் ரோஸை மெல்லிசாக விட்டால் அடியிலுள்ள பச்சை அதன் சூட்டைத் தணித்து, தோலுக்கு உயிர் தரும். பிற்காலத்தில் அழுக்குப் போகக் காரம் போட்டுத் துடைத்தவர்கள் அந்த மெல்லிய ரோஸையும் சேர்த்தே துடைத்துவிட்டார்கள்.

வண்ணத்தைப் பிடித்து வைப்பது முட்டையின் மஞ்சள் கரு. இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழி முட்டை, வயதான, கறுத்த முகங்களுக்குக் கிராமத்துக் கோழி முட்டை என்கிறார் 1400-ஐ ஒட்டி ஓவியக் கையேடு எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி. நகரத்து முட்டைக்குக் கரு வெளிறியிருக்குமாம். இந்த வண்ணம் பூசிய சில நொடிகளிலேயே உலர்ந்துவிடும், பலகையில் குழைக்க நேரமில்லை. ஆகவே நிழலை மயிரிழைக் கோடுகளை அடுக்கித்தான் கொண்டுவர வேண்டும். கன்னத்தைக் கிட்டத்தில் பார்த்தால் கோடுகள் தெரியும்.

தங்கப் பின்னணிக்குத்தான் பாடு அதிகம். பாப்லர் பலகைக்குத் தோல் பசை தடவி, லினன் துணி ஒட்டி, ஜிப்சமும் பசையும் கலந்த முரட்டுச் சாந்து பூசுவார்கள். பிறகு நைஸ் சாந்து: ஜிப்சத்தை ஒரு மாதம் தண்ணீரில் போட்டு, இறுகிவிடாமல் தினமும் கிளறி எடுத்தது. குறைந்தது 8 பூச்சு. சுரண்டி வழவழப்பாக்கியதும் முட்டை வெள்ளையில் குழைத்த சிவப்புக் களிமண். அதை நனைத்துத் தங்க ரேக்கைப் படியவிட்டு, வழுவழுப்பான கல்லாலோ நாய்ப் பல்லாலோ தேய்த்தால் மெருகு ஏறும். ஈரம் மிகுந்தால் ரேக்கு கிழியும். காய்ந்துபோனால் மெருகு ஏறாது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரம் ஒட்டினால் அடுத்த மணி நேரம் தேய்த்தாக வேண்டும். தங்க வேலையை முடித்துவிட்டே வண்ணத்துக்கு வருவார்கள்.

சுமார் 3.5 கிராம் எடையுள்ள டுகாட் என்ற தங்க நாணயத்திலிருந்து 145 ரேக்கு அடிக்க முடியும். 100 போதும் என்பது சென்னினியின் சொல். மெலிந்த ரேக்கில் களிமண் தெரிந்துவிடும். தேய்ந்த ஒளிவட்டங்களில் தெரியும் செம்மையும் அதுவே. ஓவியர் ஜென்டீலே டா ஃபாப்ரியானோ 1423-இல் முடித்த 'ஞானிகளின் வணக்கம்' ஓவியத்தை நேரே நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். ஓரமாகப் போய்ச் சற்றுக் குனியுங்கள்: தங்கத்தில் பதித்த வேலைப்பாடுகள் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கும்.

இவ்வளவுக்கும் பகை தண்ணீர். 1966 நவம்பர் 4 அன்று ஃப்ளாரன்ஸில் வந்த வெள்ளத்தில் சான்டா க்ரோச்சே தேவாலய வளாகத்திலிருந்த, ஓவியர் சிமாபூவின் சிலுவை ஓவியம் மூழ்கியது. மரம் ஊதியது, சாந்தின் பசை கரைந்தது, வண்ணத்தில் சுமார் 60 சதவீதம் உதிர்ந்துபோனது. மீட்டவர்கள் அழிந்த முகத்தைப் புதிதாக வரையவில்லை. அந்த இடங்களைப் பலநிற மெல்லிய கோடுகளால் நிரப்பினார்கள். கிட்டத்தில் போனால் எது சிமாபூ, எது ஒட்டு என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.