சாம்பல் குழாய் ஏன் வளைவிலேயே ஓட்டையாகிறது?

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போனால் கருத்த இரும்புக் குழாய்கள் நீண்டு கிடப்பதைப் பார்க்கலாம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கலக்கி, செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத் தள்ளும் குழாய்கள். கசிந்தால் சாம்பல் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் போய்ச் சேரும். மீனவர்களின் பழைய புகார் இது. ஓட்டை கண்ட இடத்தில் விழுவதில்லை. பெரும்பாலும் வளைவில், இல்லையென்றால் குழாயின் அடிவயிற்றில்.

நம் நிலக்கரியில் பொதுவாக 30 முதல் 45 சதவீதம் சாம்பல். அதில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள் சாதாரண எஃகைவிடக் கடினம். வளைவு வந்ததும் தண்ணீர் திரும்பிவிடும். மெல்லிய பொடியும் கூடவே திரும்பும். கனத்த துகள் திரும்பாது, வந்த வேகத்தில் நேரே போய் வெளிச்சுவரில் மோதும். இதில் வேடிக்கை, நேருக்கு நேர் மோதுவதைவிட 20-30 டிகிரி சாய்வில் மோதும்போதுதான் எஃகு அதிகம் தேய்கிறது. நேராக இடித்தால் சிறு குழி. சாய்வாக வந்தால் செதுக்கிக்கொண்டே போகும். நொறுங்கும் தன்மையுள்ள பசால்ட் என்ற எரிமலைக் கல்லுக்கு இது தலைகீழ், நேர் மோதலில்தான் சேதம். வளைவில் மோதல் பெரும்பாலும் சாய்வாகத்தான் விழும். அதனால்தான் சாம்பல் குழாய்களுக்குள் பசால்ட் உறை பதிக்கும் பழக்கம் வந்தது.

வேகத்தைக் குறைத்தால்? தேய்மானம் கிட்டத்தட்ட வேகத்தின் வர்க்கம் முதல் கனம் வரையான அளவில் ஏறும்: வேகம் இரட்டிப்பானால் தேய்மானம் 4 முதல் 8 மடங்கு. குறைப்பது லாபம்தான். ஆனால் ரொம்பக் குறைத்தால் சாம்பல் படிந்து குழாயே அடைத்துக்கொள்ளும். படியாவிட்டாலும் கனத்த துகள்கள் அடியை உரசியபடியே நகரும். ஆகவே கீழ்ப்பக்கம் மெலிந்ததும் குழாயைக் கழற்றி உருட்டி, தேயாத பக்கத்தைக் கீழே கொண்டுவருவார்கள். எளிய வைத்தியம், அல்ட்ராசானிக் கருவியால் தடிமனை அளந்து, ஓட்டைக்கு முன்னாலேயே செய்தால்தான் பலன்.

எண்ணெய்க் கிணறுகளில் சிக்கல் இன்னும் பெரிது. மணல், எண்ணெய், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஒரே குழாயில் வரும். அமெரிக்காவின் துல்சா பல்கலைக்கழகத்தில் இந்த அரிப்புக்கென்றே ஓர் ஆய்வு மையம் நடக்கிறது. வாயுவுக்கு மணலைத் திருப்பும் வலு இல்லை, வேகமோ அதிகம். கொஞ்சம் மணலே வளைவைக் குடைந்துவிடும். சுவரை ஒட்டித் திரவப் படலம் ஓடினால் அது மோதலைத் தாங்கும். வாயு, திரவ விகிதம் மாறினால் படலத்தின் தடிமனும் மாறும். அதைக் கணிப்பதில்தான் ஆய்வாளர்களின் பாடு இருக்கிறது.

எனக்குப் பிடித்த தீர்வு ஒன்று உண்டு: வளைவுக்குப் பதில், ஒரு முனை அடைத்த, 'T' எழுத்து வடிவ இணைப்பு. அடைத்த முனையில் திரவமும் மணலும் தேங்கி நிற்கும். வரும் மணல் இரும்பில் மோதாமல் அந்தத் தேக்கத்தில் மோதும். அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக விரயமாகும், அவ்வளவுதான்.