கென்யா சஃபாரி: முன்பணம் கட்டும் முன் பயணத் திட்டத்தில் பார்க்க வேண்டியவை

"மூன்றாம் நாள்: அம்போசெலியில் காலை சஃபாரி. பிறகு மாசாய் மாராவுக்குப் பயணம். மாலை சஃபாரி."

ஆறு நாளில் நான்கு காடு என்று விற்கிற கென்யா பேக்கேஜ்களில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும். படிக்க நன்றாக இருக்கும், வண்டி ஓட்டிப் பார்த்தால் நடக்காது. அம்போசெலியிலிருந்து நைரோபிக்கு நான்கைந்து மணி நேரம். அங்கிருந்து நாரோக் வழியாக மாராவின் செகெனானி கேட்டுக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிளம்பி, சாப்பிட நிறுத்தி, நைரோபி டிராஃபிக்கையும் தாண்டினால் மாரா போய்ச் சேரும்போது இருட்டிவிடும். பூமத்திய ரேகையை ஒட்டிய நாடு என்பதால் ஆண்டு முழுவதும் ஆறரை மணி சுமாருக்குச் சூரியன் மறைகிறது. அரை மணி நேரத்தில் கும்மிருட்டு.

சஃபாரி என்றதும் வீட்டில் உள்ளவர்கள் சிங்கத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். எங்கள் கவலை எப்போதும் சாலை பற்றியதுதான். நைரோபியிலிருந்து மாரா போகும் வழியில், மை மாஹியு ஊர்ப் பக்கம் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இறங்கும் சாலையில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி ஊர்ந்து போகும், பின்னால் வருபவர் பொறுமையிழந்து எதிர்த்தடத்தில் ஏறுவார். இரவில் விளக்கு இல்லாத வண்டிகளும் ஆடுமாடுகளும் கழுதைகளும் சாலையில் இருக்கும். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத திட்டத்தை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு "மெதுவாப் போங்க" என்று சொல்லிப் பயனில்லை. அவர் ஏன் விரட்டுகிறார் என்பதற்கான காரணம் பேக்கேஜ் தாளிலேயே இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கிளம்பும் நேரம், ஓட்டும் நேரம், சேரும் நேரம் மூன்றையும் ஏஜென்ட்டிடம் எழுதி வாங்குவது. ஒரே நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் இருந்தாலோ, மாலை ஐந்துக்குப் பிறகு கேம்ப் சேர்வதாக இருந்தாலோ திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். ஆறு நாளுக்கு இரண்டு காடு போதும். அம்போசெலியும் மாராவும் வேண்டுமென்றால் நடுவில் ஏரிக்கரை ஊரான நைவாஷாவில் ஓர் இரவு தங்கலாம், மாராவுக்கு மூன்று இரவு ஒதுக்கலாம். பெரியவர்கள் உடன் வந்தால் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் போவது நல்லது. அதில் கைப்பை, கேமரா உட்பட ஒருவருக்கு 15 கிலோதான் பொதுவான வரம்பு. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சாமான் அறைக்குள் நுழையாது, துணிப்பையில் கட்டுங்கள்.

விலையிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2024 முதல் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். டிக்கெட் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டுமே செல்லும். கேட்டுக்கு வெளியே தங்குபவர் நாலு மணிக்கு வந்து "ஒரு ரவுண்டு" போனாலும் முழுத் தொகை. மலிவாகத் தெரியும் பேக்கேஜில் இந்தக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். வெளியே தங்குவதாக இருந்தால் வந்து சேரும் மாலை ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கே கேட்டில் நிற்பது பணத்துக்கும் உடம்புக்கும் நல்லது. வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் கூட்டம் மாராவில் இருப்பது பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை. மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழை, கரிசல் மண்ணில் ஜீப்கூடப் புதையும்.

வண்டி விஷயத்தில் கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸரா, வேனா என்பதோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது. எல்லா இருக்கைக்கும் வேலை செய்யும் சீட் பெல்ட், இரண்டு ஸ்டெப்னி, மற்ற வண்டிகளோடு பேசும் ரேடியோ இருக்க வேண்டும். கென்ய சஃபாரி கைடுகள் சங்கமான கேபிஎஸ்ஜிஏ தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலை பேட்ஜ் தருகிறது. உங்கள் டிரைவர்-கைடுக்கு எந்த நிலை என்று கேட்பதில் தவறில்லை. தார்ச் சாலையில் ஓடும்போது கூரை மூடியிருக்க வேண்டும், குழந்தை உட்பட எல்லோரும் பெல்ட்டோடு உட்கார வேண்டும். காட்டுக்குள் எழுந்து நின்று பார்க்கலாம், கூரை மேல் ஏறக் கூடாது, கைடு சொல்லாமல் இறங்கக் கூடாது. யானை காதை விரித்துத் தலையை ஆட்டினால் பேச்சை நிறுத்திவிட்டு, பின்வாங்கும் முடிவைக் கைடிடம் விடுங்கள்.

பலரும் கேட்கக் கூச்சப்படும் விஷயம் கழிப்பறை. பெண்கள் பலர் அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலிலும் புழுதியிலும் ஐந்து மணி நேரம் அப்படி இருந்தால் தலைவலி, மயக்கம், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். கிளம்பும்போதே கைடிடம் சொல்லிவிடுங்கள். கழிப்பறை உள்ள இடத்தை ஒட்டி வழியை அமைப்பார், இல்லாவிட்டால் சுற்றும் பார்த்து உறுதி செய்த இடத்தில் வண்டியை மறைப்பாக நிறுத்துவார். அவர்களுக்கு இது அன்றாட வேலை.

இனி ஊசி. கென்யா சென்று இந்தியா திரும்புபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலையச் சுகாதார அலுவலர்களுக்கு உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கப் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால் மட்டுமே செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அப்படிப்பட்டது. பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை அலர்ஜி, எதிர்ப்பாற்றல் குறைபாடு, கர்ப்பம், அறுபது வயதுக்கு மேல், ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இவற்றில் எதுவாக இருந்தாலும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே இதைத் தொடங்கினால் அவசரம் இருக்காது.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு, டாக்டர் சீட்டு வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் கிளம்ப ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் தினமும். எட்டு வயதுக்குக் கீழும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாள் போதும், ஆனால் எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. ஊருக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாலை ஐந்தரைக்கே முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி. சன்ஸ்கிரீனுக்கு மேல்தான் கொசு விரட்டி பூச வேண்டும். கடிக்கும் ஈயான செட்சி உள்ள பகுதிகளில் கருநீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், அந்த நிறங்கள் அதை இழுக்கும்.

கேம்ப் பலவற்றுக்கு வேலி கிடையாது. இருட்டியபின் டென்ட்டிலிருந்து சாப்பாட்டு இடத்துக்குப் பத்தடி தூரமானாலும் காவலர் வரும்வரை காத்திருங்கள், இரவில் நீர்யானை கரையேறி மேய வரும். நம்மவர்கள் கொண்டுபோகும் பருப்புப் பொடி, முறுக்கு எல்லாம் டென்ட்டுக்குள் இருந்தால் குரங்கு ஜிப்பைத் திறந்துகொண்டு வரும். அவற்றைச் சமையலறையில் ஒப்படைத்துவிடலாம். 2017 முதல் கென்யாவில் கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2020 முதல் தேசியப் பூங்காக்களில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்கும். பொடியை எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியில் அவசர விமான மீட்பு இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தை விலக்கியிருக்கிறார்களா என்ற இரண்டையும் படியுங்கள். வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் டாக்டர்கள் சேவையில் குறைந்த கட்டணத்தில் பயணி உறுப்பினராகலாம். அது உங்களை நைரோபி மருத்துவமனை வரை கொண்டுசேர்க்கும், மருத்துவமனை பில்லுக்குப் பாலிசிதான் வேண்டும்.

திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமே "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் டெங்கு, வைரல் என்று இரண்டு நாள் ஓடிவிடும். அங்கே பரவலாக உள்ள ஃபால்சிபாரம் மலேரியா அதற்குள் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கலாம். இந்தியாவில் வளர்ந்த பெரும்பாலோருக்கு இதில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. மாத்திரை சரியாகப் போட்டிருந்தாலும் அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் முடிவு நெகட்டிவ் என்றாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.