போஸ்ட் ஹார்ட்கோர்: கித்துளும் பலாவும்

அக்கா மகனும் அவனுடைய மூன்று சிநேகிதர்களும் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு இசை பேண்ட் நடத்துகிறார்கள், வாசிப்பது போஸ்ட் ஹார்ட்கோர் என்கிற ராக் இசை வகை. ஏழு பாட்டு பதிவு பண்ணி முடித்துவிட்டார்கள், போஸ்டர் அடிக்க வேண்டும். போன கிழமை ராத்திரி போன் எடுத்து, "மாமா, போஸ்ட் ஹார்ட்கோர் டெப்யூ ஆல்பம்னு இங்கிலீஷ்ல போட்டா நம்ம லயத்துல யாருக்குப் புரியும், தமிழ்ல என்னன்னு போடுறது?" என்று கேட்டான். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தானாம், "பிந்தைய கடின மைய அறிமுகத் தொகுப்பு" என்று வந்ததாம். அதைப் போஸ்டரில் போட்டால் ஏதோ பரீட்சை நிலையம் என்று நினைப்பார்கள். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஹார்ட்கோர். இந்தச் சொல் பாட்டிலிருந்து வந்ததில்லை, கல்லிலிருந்து வந்தது. வீடு கட்டும்போது சீமெந்து போடுவதற்கு முன்னால் தரையில் உடைகல்லும் செங்கல் துண்டும் கொட்டி இடிப்பார்கள் இல்லையா, ரோட்டுக்கு அடியிலும் அப்படித்தான், அந்தக் கல் அடுக்குக்கு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் ஹார்ட்கோர். அப்புறம் மனிதர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு கூட்டத்தில் எதற்கும் அசையாமல், எத்தனை பேர் விலகிப் போனாலும் கடைசிவரை நிற்கிற ஆட்களை ஹார்ட்கோர் என்றார்கள். பங்க் என்கிற முரட்டு ராக் இசை 1970களின் கடைசியில் கொஞ்சம் மெருகேறி, பெரிய கம்பனிகளின் கைக்குப் போனபோது, அதற்கு உடன்படாத பொடியன்கள் இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பிளாக் ஃபிளாக், வொஷிங்டனில் பேட் பிரெய்ன்ஸ், மைனர் திரெட். கனடாவின் வன்கூவரிலிருந்து டி.ஓ.ஏ. என்ற பேண்ட் 1981இல் தன்னுடைய தொகுதிக்கே ‘ஹார்ட்கோர் 81’ என்று பெயர் வைத்தது, அதிலிருந்துதான் இந்தப் பெயர் பரவலாகப் பிடித்துக்கொண்டது.

ஒரு பாட்டு ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் இரண்டு. நின்று மூச்சு விட இடமில்லை. நமக்கு இது புதிதே இல்லை என்று அவனுக்குச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் விடியக் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, ஆள் கூட்ட அடித்த தப்புப் பறையைக் கேட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நெருப்பில் வாட்டி இறுக்கிய தோலில் குச்சி விழுகிற அந்தச் சத்தத்தில் நெளிவு சுளிவு ஒன்றும் கிடையாது, எழும்பு என்பது மட்டும்தான். ஹார்ட்கோரும் அந்த மாதிரி ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிற இசை.

சரி, ‘போஸ்ட்’ எங்கிருந்து வந்தது? லத்தீனில் பின்னால், பிறகு என்று பொருள். பின்நவீனத்துவம், பின்காலனியம் என்றெல்லாம் தமிழில் படித்திருக்கிறோம். ‘பின்’ என்றவுடனே முந்தியது முடிந்துபோனது என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. போஸ்ட் ஹார்ட்கோர் வாசித்தவர்கள் ஹார்ட்கோரை விட்டு ஓடினவர்கள் இல்லை, அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள். 1984, 85 வாக்கில் வொஷிங்டனில் கச்சேரி என்றாலே அடிதடி என்றாகிவிட்டது, வேகமும் சத்தமும் வெறும் பழக்கமாகிவிட்டன. அதிலே மனம் கசந்த சில பேர் 1985 கோடையில் புது பேண்டுகளோடு திரும்பி வந்தார்கள். அந்தக் கோடைக்குப் ‘புரட்சிக் கோடை’ என்றே பெயர்.

அந்தக் கோடைக்கு முன்னோடியாக நின்ற பேண்ட் ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங். வசந்தச் சடங்குகள் என்று தமிழில் சொல்லலாம், 1913இல் பாரிஸில் பெரிய அமளியோடு அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே இசையின் பெயரைத் தழுவி வைத்தது. கீ பிச்சோட்டோ பாட்டும் கிட்டாரும், எடி ஜேனி இன்னொரு கிட்டார், மைக் ஃபெலோஸ் பேஸ் கிட்டார், பிரெண்டன் கேண்டி டிரம்ஸ். பேண்டின் பெயரிலேயே வந்த அவர்களுடைய முதல் தொகுதி 1985இல் டிஸ்கோர்ட் ரெக்கோர்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பனி வழியாக வந்தது, தயாரித்தவர் மைனர் திரெட்டில் பாடிய இயன் மெக்காய். பன்னிரண்டு பாட்டு, அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. போஸ்ட் ஹார்ட்கோர் என்றால் என்ன என்று அகராதி பார்ப்பதைவிட இதை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடுவது நல்லது.

இதில் நல்லது என்று நான் முதலில் சொல்வது டிரம்ஸ். வேகம் ஹார்ட்கோர் வேகம்தான், ஆனால் கேண்டி நடுவில் நிறுத்துகிறார், மிச்சம் வைக்கிறார், பாட்டு குனிந்து நிமிர்கிறது. பேஸ் வெறுமனே கிட்டாருக்குப் பின்னால் ஓடாமல் தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு போகிறது. ‘ஃபோர் வோன்ட் ஒஃப்’ என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள், கோபமாகத் தொடங்கி, அந்தக் கோபம் வேறு யார் மேலும் இல்லை, தன் மேல்தான் என்று பாடுகிறவருக்கே பாதி வழியில் தெரியவருகிற மாதிரி இருக்கும். அதுதான் அந்தத் தொகுதி செய்த பெரிய காரியம். அதுவரை ஹார்ட்கோர் அரசாங்கத்தையும் பொலிஸையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக் கத்தியது, இவர்கள் அதே குரலில் இழப்பையும் ஞாபகத்தையும் பற்றிக் கத்தினார்கள். வொஷிங்டன் ஆற்றங்கரையில் உள்ள ஓர் இடத்தின் பெயரில் ‘ஹெயின்ஸ் பொயின்ட்’ என்று ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். தாங்கள் நடந்து திரிந்த இடம் பாட்டாவதற்குத் தகுதியானது என்று அந்த வயதிலேயே நினைத்திருக்கிறார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கொட்டகலையையும் மஸ்கெலியாவையும் வைத்து அப்படி ஒரு பாட்டு வரவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

குறைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. பிச்சோட்டோவின் குரல் பல இடங்களில் சுருதியை விட்டு விலகி, கரகரத்து, கடைசியில் வெறும் மூச்சாகிவிடுகிறது. அதுதான் அழகு என்பவர்கள் இருக்கிறார்கள், நானும் பாதி ஒத்துக்கொள்வேன், ஆனால் பன்னிரண்டு பாட்டிலும் உச்சத்திலேயே நின்றால் உண்மையான உச்சம் எது என்று காது தேட ஆரம்பித்துவிடுகிறது. நடுவில் வரும் இரண்டு மூன்று பாட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லப் பலமுறை கேட்க வேண்டியிருக்கும். வரிகளும் சில இடங்களில் பிடி கொடுக்காமல் போகின்றன, வலிக்கிறது என்று தெரிகிறது, எது வலிக்கிறது என்று தெரியவில்லை. கடைசிப் பாட்டு ‘எண்ட் ஒன் எண்ட்’ ஏழு நிமிடத்துக்கு மேலே. ஒரு நிமிடப் பாட்டுக்குப் பழகிய கூட்டத்தின் முன்னால் அப்படி வைத்தது பெரிய துணிச்சல், ஆனாலும் அதிலே இரண்டு நிமிடமாவது குறைத்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்னும் படுகிறது.

பேண்ட் 1986 தொடக்கத்திலேயே கலைந்துவிட்டது. பிச்சோட்டோவும் கேண்டியும் பிறகு இயன் மெக்காயோடு ஃபுகாசி என்ற பேண்டில் சேர்ந்தார்கள், போஸ்ட் ஹார்ட்கோர் என்ற பெயர் சொன்னவுடன் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஃபுகாசிதான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இந்தத் தொகுதியை ‘இமோ’ என்கிற, உணர்ச்சியைக் கொட்டிப் பாடும் இசை வகையின் தொடக்கம் என்று எழுதுகிறவர்கள் அதிகம், ஆனால் அந்தப் பட்டத்தை பேண்டில் இருந்தவர்களே ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். கோர் என்றால் பழத்தின் நடுவே விதை இருக்கும் பகுதி. அதற்கு ‘மையம்’ என்று போட்டதில்தான் அந்த மொழிபெயர்ப்பு கெட்டுப்போனது, மையம் என்பது ஓர் இடம், அதில் கெட்டித்தன்மை கிடையாது. தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, காழ். மரத்தின் வைரத்துக்கும் காழ் என்று பெயர், கொட்டைக்கும் காழ் என்று பெயர். ஹார்ட், கோர் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன! முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடு, ‘காழ்த்த’ பிறகு அது வெட்டுகிறவன் கையை வெட்டும் என்று 879ஆம் குறள் சொல்கிறது. பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிற காழ்ப்புணர்ச்சியில் வருகிற காழ்ப்பும் இதே வேர்தான், மனதுக்குள் முற்றி இறுகிப்போன வெறுப்பு. பங்க் கோபத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

அப்புறம் தொல்காப்பிய மரபியலில் ஒரு பாகுபாடு வருகிறது. வெளியே காழ் உள்ளதெல்லாம் புல், உள்ளே காழ் உள்ளதெல்லாம் மரம். புறக்காழ், அகக்காழ். பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல் கணக்கு. நம் பக்கத்துக் கித்துளை, அதாவது கூந்தல் பனையை, வெட்டினவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், வெளிச்சுற்று கோடாலியைத் திருப்பி அனுப்பும், உள்ளே மா எடுக்கிற மெத்தென்ற சோற்றுப் பகுதிதான். பலா அப்படியில்லை, வெளிப்பக்கம் வெள்ளையாக, உளுத்துப்போகக் கூடியதாக இருக்கும், உள்ளே போகப் போக மஞ்சளாக வைரம் பாய்ந்திருக்கும். ஹார்ட்கோர் கித்துள், போஸ்ட் ஹார்ட்கோர் பலா. முன்னதில் முதல் நொடியிலேயே கடினம் முகத்தில் அடிக்கும், பின்னதில் மெட்டு, அமைதி, தயக்கம் எல்லாம் வெளியே இருக்கும், உள்ளே போகும்போதுதான் அந்தக் கடினம் கைக்குத் தட்டுப்படும். ஆகவே ஹார்ட்கோருக்குக் காழிசை, போஸ்ட் ஹார்ட்கோருக்கு அகக்காழிசை என்பது என் முடிவு. பின்காழிசை என்றும் சொல்லலாம், இலக்கணப்படி தவறில்லை, ஆனால் அது எப்போது வந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது, எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. வன்னிசை என்றால் வெறும் சத்தம் என்றாகிவிடும்.

டெப்யூவும் ஆல்பமும் அவ்வளவு சிரமமில்லை. டெப்யூ பிரெஞ்சில் விளையாட்டின் முதல் வீச்சைக் குறித்த சொல். ஆல்பம் லத்தீனில் வெள்ளை, ரோமில் பொது அறிவித்தல் எழுதிய வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர், பிறகு படம் ஒட்டும் வெற்றுப் புத்தகம், பிறகு பல இசைத்தட்டுகளைப் புத்தகம் போல உறைகளில் கோத்து விற்றபோது பாட்டுக்கும் வந்துவிட்டது. நாம் முதல் கவிதைத் தொகுதி, முதல் சிறுகதைத் தொகுதி என்று எப்போதும் சொல்கிறோம், அதே வழியில் முதல் இசைத்தொகுதி. இறுவட்டு (சீடி) என்றால் வட்டை மட்டும்தான் குறிக்கும், இவன்கள் வட்டே அடிக்கவில்லை. மேடையில் முதன்முதலாக வாசிக்கிற நாளுக்கு அரங்கேற்றம் என்ற சொல்லை வைத்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பேண்ட் பெயரையே அகக்காழ்னு மாத்திரலாமா மாமா?" என்றான். நாலு பேரும் பேசி முடிவெடுங்கள் என்றேன். நேற்று போஸ்டரின் மாதிரிப் படம் அனுப்பியிருந்தான், "அகக்காள் – முதல் இசைத்தொகுதி" என்று. ழகரத்தைத் திருத்திவிட்டு அடிக்கக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.