வானத்தில் பளீரென்று வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள்

கோளரங்கத்தில் காட்சி முடிந்து விளக்கு போட்டதும் பிள்ளைகள் கேள்வி கேட்கும் நேரம். பதினெட்டு வருடமாக அங்கே விளக்கவுரையாளராக இருக்கிறேன். விண்கல் என்று பேச்சு வந்தாலே "உலகம் எப்போ சார் அழியும்?" என்றுதான் கேட்பார்கள். போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "கல்லு வந்தா நான் எங்க நிக்கணும் சார்?" என்றான்.

இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த கேள்விகளிலேயே உருப்படியானது இதுதான். பதிலை வாயால் சொல்லாமல் செய்து காட்டினேன். கையிலிருந்த டார்ச்சைக் கூரையை நோக்கி ஒருமுறை அடித்து அணைத்தேன். "வெளிச்சம் வந்துவிட்டது. சத்தம் வரும்வரை காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது விநாடியில் சிரிப்பு கிளம்பியது. நாற்பதில் கிசுகிசு. ஒரு நிமிடம் தாண்டியதும் கூட வந்த டீச்சர், "மைக் வேலை செய்யலையா சார்?" என்று கேட்டார். ஒன்றரை நிமிடத்தில் நாலைந்து பேர் இருக்கையை விட்டு எழுந்து என் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் இருபது விநாடி ஆனதும் மேசையை ஓங்கி அறைந்தேன். அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தில் நடந்தது ஏறக்குறைய இதேதான். 2013 பிப்ரவரி 15, காலை 9.20 மணி. சுமார் 20 மீட்டர் அகலமுள்ள ஒரு பாறை விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. வெளிச்சம் சூரியனையே மிஞ்சியது. ஆனால் சத்தம் இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவோம் இல்லையா, அதே கணக்குதான்: ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். வெடித்தது நகரத்துக்கு நேர் மேலே இல்லை, தள்ளி என்பதால் அதிர்வலை நகரத்துக்கு வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் ஜனங்கள் வானத்தில் நீண்டு கிடந்த புகைக்கோட்டைப் பார்க்க ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் கண்ணாடிகள் உடைந்தன. சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலானோருக்குக் கண்ணாடி கிழித்த காயம். கல் தலையில் விழுந்து யாரும் சாகவில்லை.

அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே, பிள்ளைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார். 44 பிள்ளைகள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நின்றுகொண்டே இருந்த அவருக்குத்தான் கையில் கண்ணாடி ஆழமாக வெட்டியது.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். இடி மின்னல் இல்லாத நேரத்தில் வானம் பளீரென்று ஒளிர்ந்தால் ஜன்னலையும் கண்ணாடிக் கதவையும் விட்டு விலகி, சுவர் ஓரமாகவோ மேசைக்கு அடியிலோ போய்விட வேண்டும். சத்தம் வந்து அடங்கும்வரை, ஐந்து நிமிடமாவது, அங்கேயே இருக்க வேண்டும். போனில் படம் எடுக்கப் போகவே கூடாது. வீட்டில் குழந்தைகளுக்கு ஒருமுறை சொல்லி வையுங்கள். பட்டாசுக் கிடங்கு வெடித்தாலும், தூரத்து ஆலையில் எதுவும் வெடித்தாலும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

சரி, அந்தப் பாறையை முன்கூட்டியே ஏன் யாரும் பார்க்கவில்லை? அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. தரையிலிருக்கும் தொலைநோக்கியால் பகல் வானத்தில் அதைப் பிடிக்க முடியாது. சூரியனைச் சுற்றும் இப்படிப்பட்ட பாறைகளைச் சிறுகோள்கள் என்பார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேலுள்ள சிறுகோள்களில் பூமிக்கு அருகே வருபவற்றை 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடித்துவிட்டார்கள், அவற்றில் எதுவும் இப்போதைக்கு நம்மை நோக்கி இல்லை. 140 மீட்டருக்கு மேலுள்ளவற்றில் பாதிகூட இன்னும் கிடைக்கவில்லை. ஒரு பெருநகரத்தையே அழிக்கும் அளவு அது. எனக்குக் கவலை தருவது இந்த இடைப்பட்ட அளவுதான். தேடுவதற்குச் செலவழிக்கும் பணத்தை வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முன்பே தெரிந்தால் தள்ளிவிட வழி இருக்கிறது: 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் இன்னொரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் 160 மீட்டர் அகல டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி, அது ஒருமுறை சுற்றிவரும் நேரத்தை 32 நிமிடம் குறைத்துக் காட்டியது.

2025 தொடக்கத்தில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் செய்தியில் அடிபட்டபோது, என் போன் ஓயவில்லை. மோதும் வாய்ப்பு ஒரு சதவீதம் என்றார்கள், பிப்ரவரி 18இல் 3.1 என்றார்கள், சில நாளில் ஏறக்குறைய பூஜ்யம் என்றார்கள். "மறைக்கிறாங்களா சார்?" என்று பலர் கேட்டார்கள். இல்லை. புயல் நாகைக்கும் சென்னைக்கும் இடையே கரை கடக்கும் என்று முதலில் சொல்வார்கள். அப்புறம் கடலூருக்கும் சென்னைக்கும் இடையே என்று பரப்பு சுருங்கும். நடுவில் இருக்கும் புதுச்சேரிக்காரருக்கு ஆபத்து கூடிக்கொண்டே போவதாகத்தான் தெரியும். கடைசியில் அது வடக்கே ஒதுங்கினால் சட்டென்று ஒன்றுமில்லை என்றாகிவிடும். சிறுகோள் கணக்கும் அப்படித்தான்: சதவீதம் ஏறி இறங்குவது கணக்கு துல்லியமாகிறது என்பதன் அடையாளம்.

அவசரத்தில் விண்கல் என்று சொல்லிவிடுவதும் உண்டு. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் ஏதோ வெடித்து ஒருவர் இறந்தபோது, விண்கல் என்று அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்கள். என்னிடம் விண்கல் என்று கொண்டுவரும் கற்களும் பெரும்பாலும் இரும்பு உருக்கிய கசடுதான். உள்ளே நுரை போல ஓட்டைகள் இருந்தால் சந்தேகப்படலாம். உண்மையான கல்லில் மேலே மெல்லிய கருந்தோல் இருக்கும், அநேகமாகக் காந்தம் ஒட்டும். விழுந்ததைப் பார்த்து எடுத்திருந்தால் கழுவாமல், உடைக்காமல் வட்டாட்சியர் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் சேருங்கள்.

கல்லாக இல்லாமல் உலோக உருளையாக, தொட்டியாக இருந்தால் கிட்டப் போகவே வேண்டாம். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பாகம். இப்படிப்பட்டவற்றில் ஹைட்ரசீன் போன்ற நச்சு எரிபொருள் மிச்சம் இருக்கலாம். போலீசுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

அடுத்து அப்போஃபிஸ் என்ற சிறுகோள் வருகிறது. சுமார் 340 மீட்டர். 2029 ஏப்ரல் 14, நம் நேரப்படி அதிகாலை 3 மணி தாண்டி, தமிழ்ப் புத்தாண்டு விடியும் வேளையில், பூமிக்கு மேலே ஏறத்தாழ 32,000 கிலோமீட்டரில் கடக்கும். டிவி செயற்கைக்கோள்கள் இருப்பதைவிடப் பக்கம். அடுத்த நூறு ஆண்டுக்கு அது மோதாது என்று 2021லேயே உறுதியாகிவிட்டது. அந்த அதிகாலையில் கோளரங்கத்தைத் திறந்து வைக்க இப்போதே அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.