செல்லுக்குள் சாவடி எதற்கு?

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சைக்குப் போன இடத்தில் தமிழில் அச்சடித்த கையேடு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டி, "புற்றுநோய் செல் சோதனைச் சாவடியைத் தாண்டிடும்னு போட்டிருக்கே, அப்படின்னா வேற இடத்துக்குப் பரவிடுச்சா?" என்று கேட்டார். பரவவில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியும் இந்த ஒரு சொல் அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

செக்பாயிண்ட் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். அது சதுரங்கம் வழியாக 'செக்' ஆனது. நாமே "செக் வெச்சுட்டான்" என்கிறோமே, அதேதான். முதலில் தடுப்பது, பிறகு சரிபார்ப்பது என்று பொருள் விரிந்தது. ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிரியும் செல் சுழற்சிக்கு இந்தச் சொல்லை 1989இல் நிலைநிறுத்தியவர்கள் ஹார்ட்வெல், வைனர்ட் என்ற ஆய்வாளர்கள்.

சரி, சோதனைச் சாவடி என்றதும் நமக்கு என்ன தோன்றும்? மாநில எல்லை, குறுக்கே ஒரு கட்டை, லாரியை நிறுத்திச் சரக்கைக் கிளறும் காவலர். சாவடி என்பது ஓர் இடம். தாண்டினால் அடுத்த ஊர். அக்கா பரவல் என்று புரிந்துகொண்டதில் தவறே இல்லை. செல்லுக்குள் அப்படி ஓர் இடமும் இல்லை, காவலரும் இல்லை. சாவடியில் குற்றமில்லாத வண்டியும் நின்றுதான் போக வேண்டும். ஹார்ட்வெல் குழு ஈஸ்ட்டில் கண்டது வேறு: கதிர்வீச்சால் டிஎன்ஏ உடைந்தால் செல் பிரியாமல் காத்திருந்தது, ராட்9 மரபணு இல்லாத ஈஸ்ட் காத்திருக்காமல் பிரிந்து செத்தது. உடைவே இல்லாதபோது அந்த ஈஸ்ட்டும் பிரிந்து பெருகியது.

தளம் போடுமுன் கம்பி கட்டியது சரியா என்று பொறியாளர் பார்ப்பாரே, அதுதான் நெருங்கிய உவமை. கோணலாக இருந்தால் "இன்னைக்கு காங்கிரீட் வேண்டாம்" என்பார். செல்லிலும் அப்படியே. டிஎன்ஏ முழுதாகப் படியெடுக்கப்பட்டதா, குரோமோசோம் ஒவ்வொன்றும் தன்னை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழையில் மாட்டியதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. டிஎன்ஏ உடைந்தால் பி53 புரதம் சுழற்சியை நிறுத்தும். பழுது பெரிதென்றால் செல்லைச் சாகவே வைக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்த பி53 மரபணுவே கெட்டிருக்கிறது. அப்புறம் செல் பழுதோடு பிரிகிறது, பழுது மேல் பழுது சேர்கிறது. இதில் எதையும் யாரும் 'தாண்டவில்லை'.

ஆகவே என் சொல் 'சரிபார்ப்பு'. டிஎன்ஏ சரிபார்ப்பு, கதிர் இழைச் சரிபார்ப்பு. 'பாயிண்ட்' இருக்கிறதே என்று அதற்கும் ஒரு 'புள்ளி' ஒட்ட வேண்டாம். 'நிலை'யும் வேண்டாம், பாடநூலில் அது செல் சுழற்சியின் கட்டங்களைக் குறிக்க ஜி1 நிலை, ஜி2 நிலை என்று வேறு வேலையில் இருக்கிறது. அக்காவின் கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, 'பழுதைச் சரிபார்க்காமலே செல் பிரிகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். படித்ததும் புரிந்தது அவருக்கு.

இதைவிட மோசம், எதிர்ப்பாற்றல் சிகிச்சை பற்றி எழுதும்போதும் அதே சாவடியைத் தூக்கி வைப்பது. அங்கே பிடி-1 போன்ற புரதங்கள், நோயை எதிர்க்கும் வெள்ளையணுவான டி செல்லை அடக்கிப் பிடிக்கின்றன. மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஒரு பக்கத்தில் சாவடி கெட்டால் புற்றுநோய் வரும் என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் சாவடியை முடக்குவதே புற்றுநோய்க்கு மருந்து என்கிறார்கள். நோயாளி எதை நம்புவார்? ஆங்கிலத்தில் சொல் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டி செல்லைப் பிடித்திழுக்கும் அதற்குக் 'கடிவாளம்' என்ற சொல் நம்மிடமே இருக்கிறது.