நள்ளிரவில் தானாக உடைந்த கடைக் கண்ணாடி

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பெங்களூரு சாலையில் என் மைத்துனர் பட்டுச் சேலைக் கடை திறந்தார். முகப்பு முழுக்க எஃகுத் தூண்கள், நடுவே ஆளுயரத்தைத் தாண்டிய கண்ணாடிகள். மூன்றாம் மாதம், யாரும் தொடாமலே, நள்ளிரவில் ஒரு கண்ணாடி பொலபொலவென்று கொட்டிவிட்டது. கண் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தோம். உண்மையில் என்ன நடந்திருக்கும்?"

முதல் சந்தேகம் எஃகின் மேல் விழும். 30 டிகிரி சூடு ஏறினால் 3 மீட்டர் தூண் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி அதைவிடச் சற்றுக் குறைவாக நீளும். இடைவெளி விட்டு, ரப்பர் பட்டையும் சிலிக்கானும் வைத்துப் பொருத்தியிருந்தால் அந்த வித்தியாசத்தால் ஆபத்தில்லை.

சிறு துண்டுகளாகக் கொட்டியதால் அது டஃபண்ட் கண்ணாடிதான். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிய கண்ணாடியின் இருபுறமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு சுருங்க முயலும். இறுகிய மேற்பரப்பு விடாது. இதனால் மேலே அமுக்கமும் உள்ளே இழுவிசையும் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. அந்த அமுக்கம்தான் கண்ணாடிக்கு நான்கைந்து மடங்கு வலிமை தருகிறது. ஆனால் உள்ளிருக்கும் இழுவிசைப் பகுதியில் ஒரு விரிசல் விழுந்தால் முழுத் தகடும் நொடியில் சிதறும்.

அந்த விரிசலை உண்டாக்கும் பொருள்தான் என்னை வியக்கவைப்பது. கண்ணாடி உருக்கும்போது தப்பித்தவறி நிக்கல் கலந்தால், கந்தகத்தோடு சேர்ந்து நிக்கல் சல்ஃபைடு மணியாகிவிடும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் சிறியது, கண்ணில் படாது. 379 டிகிரிக்கு மேல் அதன் அணுக்கள் ஒருவித அடுக்கில் இருக்கும். குளிர்ந்தால் சற்று அதிக இடம் கேட்கும் வேறோர் அடுக்குக்கு மாறவேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் மாறிவிடும். டஃபண்ட் செய்யும் வேகத்திலோ அதற்கு நேரமே கிடைக்காது. சூட்டு நிலை அடுக்கிலேயே சிக்கிக்கொண்ட மணி, கண்ணாடி கடையில் நிற்கும்போது மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக உருமாறுகிறது. பருமன் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது. மணி இழுவிசைப் பகுதியில் இருந்துவிட்டால், சுற்றிலும் விரிசல் ஓட அவ்வளவு போதும். பகலோ இரவோ, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை.

உடைந்த துண்டுகள் சட்டத்தில் ஒட்டியிருந்தால் தேடிப்பாருங்கள். விரிசல் தொடங்கிய இடத்தில் இரண்டு பெரிய துண்டுகள் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் நடுக்கோட்டில் ஒரு கரும்புள்ளி தெரியலாம். அதுதான் மணி.

மெல்போர்னில் 1958-இல் கட்டி முடித்த, ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் மாளிகைக் கண்ணாடிகள் இப்படி உடைந்தபோது, காரணத்தை 1961-இல் சொன்னவர் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாலன்டைன். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு அது. 1950 முதல் கொல்கத்தாவில் இயங்கும் நம் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம் போன்றவற்றுக்கு அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான். பூசணிக்காயால் மணியின் உருமாற்றம் நிற்காது. சாலையில் சிதறிய அதன் சதையில் இருசக்கர வண்டிகள் வழுக்கி விழுவதுதான் மிச்சம்.

மாற்றுக் கண்ணாடி வாங்கும்போது ஹீட் சோக் சோதனைச் சான்று கேளுங்கள். 260 முதல் 290 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மணியின் உருமாற்றம் அங்கேயே முடிந்து, பழுதுள்ளவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே உடைந்துவிடும். வாசலுக்கு மேலே வரும் கண்ணாடிக்கு அது மட்டும் போதாது. இரு தகடுகளை நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியே போடுங்கள். உடைந்தாலும் துண்டுகள் படலத்தைப் பிடித்துக்கொள்ளும், வாடிக்கையாளர் தலையில் விழாது.